ஜப்பான் கோப்பையை வெல்லுமா? – கடிதம்

வணக்கம்.

ஜப்பான் கால்பந்து பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். 2050க்குள் உலகக் கோப்பையை வெல்வோம் என்று அவர்கள் 2005இல் அறிவித்ததைச் சொல்லி, அது நடக்கும் என்றே நம்புவதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு மிகையாகப் பட்டது. 2022 வரை காலிறுதியைக்கூடத் தொடாத அணி அது. சீனாவும் இப்படித்தான் 2050ஐக் குறிவைத்துப் பணத்தைக் கொட்டியது. கடைசியில் என்ன ஆயிற்று? ஜப்பான் மட்டும் எந்த வகையில் வேறு?

கே.

அன்புள்ள கே.,

சீனாவை நீங்களே எடுத்துக்கொடுத்தது நல்லதாயிற்று. 2020இல் சீன லீக்கை வென்ற ஜியாங்சு அணி, நான்கு மாதம் முடிவதற்குள் இழுத்து மூடப்பட்டது. உரிமையாளர் நிறுவனம் கையை விரித்துவிட்டது, அவ்வளவுதான். எட்டு முறை சாம்பியனான குவாங்சோவும் 2025 ஜனவரியில் கடனில் கலைந்தது.

ஜப்பானிலும் 1992 வரை எல்லாம் நிறுவன அணிகள்தான். ஆட்டக்காரர்களில் பலர் பகலில் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஊழியர்கள். 1993இல் ஜே-லீக் என்ற தொழில்முறை லீக் தொடங்கியபோது அதன் தலைவர் கவாபுச்சி சபுரோ ஒரு நிபந்தனை வைத்தார்: அணியின் பெயரில் ஊர் இருக்க வேண்டும், நிறுவனம் இருக்கக் கூடாது. பணம் போடுகிறவர்களுக்கு இது பிடிக்குமா? யோமியுரி நாளிதழ் நிறுவனம் கடுமையாக எதிர்த்தது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. என் நம்பிக்கை முழுக்க இந்த ஒரு முடிவின் மேல்தான் நிற்கிறது.

காஷிமாவைப் பாருங்கள். இரும்பாலையைச் சுற்றி வளர்ந்த சிற்றூர். ஆலையின் அணி அப்போது இரண்டாம் பிரிவில் கிடந்தது. ஜே-லீக்கில் உங்களுக்கு இடம் கிடைக்க வாய்ப்பே இல்லை, 15,000 பேர் உட்காரக் கூரை போட்ட மைதானம் கட்டினால் பார்க்கலாம் என்றார் கவாபுச்சி. மறுப்பதற்காகச் சொன்னது. அவர்கள் கட்டிவிட்டார்கள்! ஓய்வு பெற்றிருந்த நட்சத்திர ஆட்டக்காரர் ஜிகோ பிரேசிலிலிருந்து வந்து அந்த அணிக்கு ஆடினார். ஒரு வேலையை எப்படி அக்கறையாகச் செய்வது என்று அந்த ஊருக்கே கற்றுக்கொடுத்தார் என்றுகூடச் சொல்வேன். 1993இன் முதல் கட்டப் போட்டிகளில் முதலிடம் காஷிமாவுக்கு. 2016இல் கிளப் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இதே ஊர் அணி ரியல் மாட்ரிட்டை எதிர்த்து 2-1 என்று முன்னிலையில் இருந்தது. கூடுதல் நேரத்தில்தான் தோற்றது. இன்று ஜே-லீக்கின் மூன்று பிரிவுகளிலும் சேர்த்து 60 கிளப்புகள்.

பெண்கள் அணி 2011இலேயே உலகக் கோப்பையை வென்றுவிட்டது என்பதை இந்தப் பேச்சில் எல்லோரும் மறந்துவிடுகிறோம். நீங்களும்தான்.

ஆண்கள் அணிக்கு வருகிறேன். 1993 அக்டோபர் 28, தோகா. ஈராக்கை வென்றால் முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடத் தகுதி. 2-1 என்று முன்னிலை. ஆட்டம் முடிய வேண்டிய நேரமும் தாண்டியபின் ஒரு கார்னர், ஒரு தலைமுட்டு, 2-2. ‘தோகா துயரம்’ என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அன்று களத்தில் நின்றவர்களில் ஒருவர் மொரியாசு ஹஜிமே. 2022இல் அதே கத்தாரில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் 2-1 என்று வீழ்த்திய அணிக்கு அவர்தான் பயிற்சியாளர்.

உங்கள் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2010இல் பராகுவேயிடமும் 2022இல் குரோஷியாவிடமும் பெனால்டி ஷூட்-அவுட்டில் வெளியேறினார்கள். அவற்றைவிட எனக்கு வலித்தது 2018. பெல்ஜியத்துக்கு எதிராக இரண்டு கோல் முன்னிலை. கடைசி நொடிகளில் தங்களுக்குக் கிடைத்த கார்னரிலிருந்தே எதிராளி பந்தைக் கொண்டுபோய் அடித்து 2-3. பெரிய ஆட்டத்தை முடித்துவைக்கத் தெரியாதது உண்மையான குறை. ஆனால் அது ஆடி ஆடித்தான் வரும். 1998இல் ஜப்பான் முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போனபோது அணியில் ஒருவர்கூட ஐரோப்பியக் கிளப்பில் ஆடவில்லை. 2022 அணியில் பெரும்பாலோர் அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

2025 அக்டோபரில் டோக்கியோவில் பிரேசிலோடு ஒரு நட்பு ஆட்டம். இடைவேளையில் 0-2. முடிந்தபோது 3-2. ஜப்பானின் முதன்மை அணி பிரேசிலை வென்றது அதுவே முதல் முறை. அந்த இரண்டாம் பாதியைப் பார்த்த பிறகுதான் நீங்கள் படித்த குறிப்பை எழுதினேன்.