ரூட் விண்டோ ஒன்றுதான் மிச்சமா? அதை மூடிவிடாதீர்கள்

கேள்வி: ராயபுரத்தில் கிளியரிங் ஏஜென்சி நடத்துகிறோம். கணக்கு, பில் எல்லாம் ஒரே டெபியன் லினக்ஸ் சர்வரில். நேற்று கரண்ட் போய் வந்ததும் டிஸ்க்கில் பிழை காட்டியது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பையன் டிஸ்க்கைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே போட்டு, கேட்டதற்கெல்லாம் 'ஒய்' அடித்துவிட்டான். இப்போது ஃபைல் பட்டியலுக்கு எல்எஸ் அடித்தால், லிப்சி ஃபைலைத் திறக்க முடியவில்லை என்கிறது. புதிதாக எஸ்எஸ்ஹெச் போனால் துண்டித்துவிடுகிறது. ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) நுழைந்த ஒரு விண்டோ மட்டும் திறந்திருக்கிறது. ரீபூட் செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ரீபூட் செய்தால் அது திரும்ப எழுந்திருக்காது.

எல்எஸ், சிபி, மவுண்ட், சூடோ எல்லாமே கிளம்பும்போது லிப்சி என்ற பொது லைப்ரரி ஃபைலைத் தேடும். கிடைக்காவிட்டால் அங்கேயே விழுந்துவிடும். எஸ்எஸ்ஹெச் சர்வரும் ஒவ்வொரு புது இணைப்புக்கும் தன்னையே மறுபடி தொடங்குவதால்தான் உங்களை உள்ளே விடவில்லை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை லிப்சியை மெமரியில் வைத்திருக்கின்றன. அந்த விண்டோவில் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் பேஷும் அப்படித்தான். சிடி, எக்கோ இரண்டும் பேஷுக்குள்ளேயே இருப்பவை. எக்கோ போட்டு, இடம் விட்டு, நட்சத்திரக் குறி அடித்துப் பாருங்கள், ஃபைல் பெயர்கள் வரிசையாக வரும்.

மற்ற பிசிக்களில் பில்லிங் சாஃப்ட்வேர் இன்னும் ஓடுகிறதா? அப்படியானால் டேட்டாபேஸ் உயிரோடு இருக்கிறது. மையெஸ்க்யூஎல் என்றால் வேறொரு பிசியிலிருந்து நெட்வொர்க் வழியாக மையெஸ்க்யூஎல்டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுங்கள். எடுத்த ஃபைலின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதியில் நின்றிருக்கிறது. சிஸ்டம் ஃபைல்களை டெபியன் எப்போது கேட்டாலும் தரும். உங்கள் கணக்கை யார் தருவார்கள்?

டம்ப் கைக்கு வந்தபின், ப்ராக் டைரக்டரியில் உள்ள சிஸ்ஆர்க்யூ-ட்ரிகர் ஃபைலுக்குள் எக்கோ மூலம் 'யு' என்ற சின்ன எழுத்தை அனுப்புங்கள். டிஸ்க் முழுவதும் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறும். பிறகு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கலாம்.

லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து முதலில் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டுங்கள். 5, 197 எண்ணுள்ள வரிகளில் (பழுதான, பழுது சந்தேகமுள்ள செக்டர்கள்) கடைசி மதிப்பு பூஜ்யம் இல்லையென்றால் டிஸ்க்கில் கை வைக்காமல், ரிச்சி தெருவில் புது டிஸ்க் வாங்கி டிடிரெஸ்க்யூவில் முழு நகல் எடுத்துவிட்டு, மீதி வேலையை நகலில் செய்யுங்கள். 199 (டேட்டா பரிமாற்றப் பிழைகள்) மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் கேபிள்தான். காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபேக்டரி ஆபீஸில் சாட்டா கேபிளைக் கழற்றினேன். உப்புக்காற்றில் முனை பச்சை பூத்திருந்தது. நூறு சொச்ச ரூபாய் கேபிள் மாற்றியதும் எண் ஏறுவது நின்றது.

அடுத்து எஃப்எஸ்சிகே, டிஸ்க்கை மவுண்ட் செய்யாமல் (சிஸ்டத்தில் இணைக்காமல்). முதலில் மைனஸ் என் போட்டு என்ன சொல்கிறது என்று மட்டும் பாருங்கள், பிறகு திருத்தச் சொல்லுங்கள். வழி தவறிய ஃபைல்கள் லாஸ்ட்-ஃபவுண்ட் டைரக்டரியில் எண்களாகக் கிடக்கும். உங்கள் லிப்சியே அங்கே இருக்கலாம். ஆனால் அதை நம்பி எடுத்து வைக்க வேண்டாம்.

அதே டெபியன் பதிப்பின் லிப்சி6 பேக்கேஜை இறக்கித் தனி ஃபோல்டரில் பிரித்து, ஃபைல்களை மட்டும் அந்தந்த இடத்தில் வையுங்கள். ரூட் மேலேயே பிரித்தால் லிப் என்ற சிம்லிங்க் (வேறு இடத்தைக் காட்டும் சுட்டி) நிஜ டைரக்டரியாக மாறி இன்னொரு தலைவலி வரலாம். இனி லைவ் யுஎஸ்பியிலிருந்தே சிஹெச்ரூட் செய்தால் உங்கள் சிஸ்டத்துக்குள் போக முடியும். அங்கே பேக்கேஜ் ஃபைல்களைச் சரிபார்க்கும் டிபிகேஜி வெரிஃபை ஓட்டினால், மாறிப்போன ஃபைல் ஒவ்வொன்றுக்கும் 5 என்ற எண்ணுடன் ஒரு வரி வரும். பக்கத்தில் 'சி' இருந்தால் அது கான்ஃபிக் ஃபைல். நீங்களே திருத்தியதாக இருக்கும், பயப்பட வேண்டாம். மற்றவற்றின் பேக்கேஜ்களை ரீஇன்ஸ்டால் செய்யுங்கள்.

பட்டியல் நூற்றுக்கணக்கில் நீண்டால் நான் மல்லுக்கட்ட மாட்டேன். கான்ஃபிக் ஃபைல்கள் இருக்கும் இடிசி டைரக்டரியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக டெபியன் போட்டு டம்ப்பை ஏற்றிவிடுவேன்.