காதைப் பிடித்துத் தூக்கிய முயல் பின்காலை இழுக்கிறது

கேள்வி: ஐயா, பதினைந்து முயல்கள் வளர்க்கிறேன். கூண்டு மாற்றுவதற்காக மூன்று கிலோ பெண் முயல் ஒன்றைக் காதைப் பிடித்துத் தூக்கினேன், ஓங்கி உதைத்தது. நேற்றிலிருந்து பின்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு நகர்கிறது. தீனி எடுக்கிறது. வாதம் என்கிறார்கள். கால்சியம் டானிக் கொடுக்கலாமா?

பதில்: டானிக் வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வாதமாகத் தெரியவில்லை, முதுகெலும்பில் பட்ட அடி. பூனையின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் 12, 13 சதவீதம் இருக்கும். முயலுக்கு 7, 8 சதவீதம்தான். உங்கள் மூன்று கிலோ முயலின் எலும்பு முழுவதையும் சேர்த்தாலும் கால் கிலோ வராது. ஆனால் பின்தொடைச் சதையோ குதிப்பதற்கென்றே வளர்ந்தது. பின்பாகம் தாங்கலின்றித் தொங்கும்போது முயல் உதைத்தால், அந்த வேகத்தை இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பு தாங்காது. பெரும்பாலும் ஏழாவது இடுப்பு முள்ளெலும்புப் பக்கம்தான் முறியும். யாரும் தொடாமலே, இரவில் நாய் குரைத்த மிரட்சியில் கூண்டுக்குள் உதைத்து முறித்துக்கொள்வதும் உண்டு.

காது கைப்பிடி இல்லை. அதில் எலும்பே கிடையாது; குருத்தெலும்பும் மெல்லிய தோலும் ரத்தக்குழாயும்தான். வெயிலில் உடல் சூடு தணிவதே அதன் வழியாகத்தான்.

கால்சியம் குறைந்து எலும்பு முறிந்தது என்றும் நினைக்க வேண்டாம். தீனியில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப முயல் உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். முயல் சிறுநீர் சுண்ணாம்புபோல் வெளுத்திருப்பது அதனால்தான். படுத்த முயலுக்கு டானிக்கும் ஊற்றினால் மூத்திரப்பையில் கல் சேரும்.

இப்போதே பின்கால் விரலை நகத்தால் அழுத்திப் பாருங்கள். வலியில் தலையைத் திருப்பினாலோ கத்தினாலோ நம்பிக்கை உண்டு. கால் மட்டும் சுண்டினால் போதாது, அது தானாக வரும் துடிப்பாகவும் இருக்கலாம். வைக்கோல் பரப்பிய குறுகிய பெட்டியில் அசையாமல் வைத்து, இன்றைக்கே கால்நடை மருந்தகம் கொண்டுபோங்கள். சிறுநீர் போகிறதா என்று கட்டாயம் கேட்டுப் பாருங்கள். பை நிரம்பித் தேங்கினால் அதுவே உயிரை எடுக்கும். வீட்டிலுள்ள வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். உணர்ச்சியே திரும்பவில்லையென்றால், வேதனையில்லாமல் முடித்துவைப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் இழுத்து இழுத்துப் புண்ணாகவிடுவது அதைவிடக் கொடுமை.

மற்ற பதினான்கையும் இனி இப்படித் தூக்குங்கள்: ஒரு கை முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சடியில், மறு கை புட்டத்தின் கீழ். உடனே உடம்போடு அணைத்து, முயலின் தலையை உங்கள் அக்குளுக்குள் மறைத்துவிடுங்கள். இருட்டானதும் அடங்கிவிடும்.