ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு தேதி: வாசகர் கேள்வி-பதில்

அக்கா, எனக்கு ஊர் அருமனை. ஆறு ஆண்டுகளுக்கு முன் மார்த்தாண்டத்தில் ஒரு பெரிய சங்கிலி சூப்பர் மார்க்கெட்டின் கிளை திறந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. சரக்கு சுத்தமாக இருந்தது, விலையும் நியாயம். இப்போது அதே கடையில் துவரம்பருப்பில் வண்டு, வெண்டைக்காய் முற்றல், பாதி ரேக்குகள் காலி. சலுகை விலை என்று எழுதியிருப்பதை எடுத்துப் போனால் பில்லில் முழு விலை வருகிறது. "உனக்கு எதைப் பார்த்தாலும் குறைதான்" என்கிறார் என் கணவர். நான்தான் மிகைப்படுத்துகிறேனா?

இல்லை, நீங்கள் பார்த்தது சரி. அந்தக் கடையைப் பற்றித் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் எனக்குக் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஒரு சங்கிலிக் கடை புது ஊருக்கு வரும்போது, முதலில் கொஞ்ச காலம் கைப்பணத்தைப் போட்டு ஆட்களைப் பிடிக்கும். மக்கள் பழகியபிறகு, போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். வாடகையைக் குறைக்க முடியாது, மின்கட்டணத்தைக் குறைக்க முடியாது. கை வைக்க மிஞ்சுவது வேலையாட்கள், கொள்முதல், கழிவு ஆகிய மூன்றும்தான். நீங்கள் எழுதிய குறைகள் எல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றிலிருந்து வந்தவை. பத்துப் பேர் பார்த்த வேலையை ஐந்து பேர் பார்த்தால், பழைய சரக்கை முன்னால் நகர்த்தவோ தேதி முடிந்ததை எடுத்துப்போடவோ ஆள் இருக்காது. சலுகை முடிந்த அட்டையைக் கழற்றவும் நேரம் இருக்காது. ரேக்கில் ஒரு விலை, பில்லில் வேறொரு விலை என்று வருவது பெரும்பாலும் இதனால்தான். காரணம் எதுவானாலும் அந்த வித்தியாசத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. சலுகை விலை என்று அறிவித்துவிட்டு அந்த விலைக்குத் தராமல் இருப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ரேக் அட்டையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போங்கள்.

கொள்முதல் கதை இன்னும் வருத்தமானது. கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது விளைகிற மண்ணில் நிற்கும் கடையில் மட்டி இல்லை. எங்கோ இருக்கும் கிடங்கிலிருந்து லாரியில் வந்த, ஒரே அளவில் ஒரே நிறத்தில் இருக்கும் பழம்தான் தொங்குகிறது. காய்கறியும் அப்படித்தான். பறித்த காய் கிடங்குக்குப் போய், தரம் பிரித்து, திரும்பி நம் ஊருக்கு வரும்போது வெண்டைக்காய் முற்றாமல் என்ன செய்யும்? காய்கறிக்கும் பழத்துக்கும் மார்த்தாண்டம் சந்தைக்கே போய்விடுங்கள் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

கழிவு விஷயத்தில் எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சங்கிலிக் கடையில் அரைக்கிலோ பாசிப்பயறு வாங்கினேன். கடையின் சொந்தப் பெயரில் கட்டிய பாக்கெட். பேக் செய்த நாள் என்று அந்த வாரத்துத் தேதி. வீட்டில் ஜன்னலோரம் வைத்துப் பிரிக்கப் போனபோது ஸ்டிக்கரின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: அதே எடை, அதே விலை, நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. முறத்தில் கொட்டினால் பயறோடு மாவும் விழுந்தது. ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்; ஊசியால் குத்தியதுபோல் சின்ன ஓட்டை. மறுநாள் பாக்கெட்டையும் பில்லையும் கொண்டுபோய் மேலாளர் முன்னால் வைத்தேன். ஸ்டிக்கர் மெஷினில் கோளாறு என்றார். ஒரு நிமிடத்தில் பணம் கைக்கு வந்தது. அந்த வேகம்தான் என்னை உறுத்தியது. முதல்முறை நடந்த தவறு என்றால் அவர் அதிர்ந்திருப்பார். நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். அதே ரேக்கில் பாசிப்பயறு, புதுத் தேதி. பழைய சரக்குதானா என்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் பாக்கெட்டைச் சாய்த்தால் அடியில் அதே மாவு.

ஆகவே பணம் திரும்பக் கிடைத்ததும் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். தேதியை மாற்றி ஒட்டுவது உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போக வேண்டிய விஷயம். இரண்டு ஸ்டிக்கரையும் படம் எடுங்கள். பில்லில் அச்சடித்திருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; 2022 முதல் உணவுக் கடைகளின் பில்லில் அந்த எண் இருந்தாக வேண்டும். பில்லையும் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். இப்போதைய பில் தாள் சூட்டில் அச்சாவது; நாள் போகப்போக எழுத்து மங்கி வெள்ளைத்தாள் ஆகிவிடலாம். அழிந்துபோன பில்லோடு என்னிடம் வந்தவர்களைப் பார்த்து எனக்கு மனம் ஆறவில்லை.

பாறசாலையில் வசிக்கிறோம். கடையின் சொந்தப் பெயரில் வரும் தேங்காய் எண்ணெய் மற்றவற்றைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஆனால் முன்பு இருந்த மணம் இல்லை. குளிர்காலத்திலும் உறைவதில்லை. கலப்படமா?

சந்தேகப்பட இடம் இருக்கிறது. 2025-ல் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டியது. கொப்பரை விலை ஏறும்போதெல்லாம் மலிவான எண்ணெயைச் சேர்க்கிற ஆசையும் கூடவே ஏறும். 2018-ல் மட்டும் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை டஜன் கணக்கான தேங்காய் எண்ணெய்ப் பெயர்களைத் தடைசெய்தது நினைவிருக்கும். உங்களுக்குப் பக்கத்தில் உள்ள அமரவிளைச் சோதனைச் சாவடியில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டதும் அதே ஆண்டில்தான். எல்லையில் வாழ்கிற நமக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி அல்ல.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உறையத் தொடங்கும். நம் பக்கத்துக் குளிர் பல நாட்கள் அவ்வளவு இறங்காது. அதனால் அலமாரியில் உறையவில்லை என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி ஊற்றி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மணி நேரம் வையுங்கள். நல்ல எண்ணெய் அடிமுதல் மேல்வரை ஒரே வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். மேலே தண்ணீர்போல ஒரு அடுக்கு நின்றால் வேறு எண்ணெய் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: செம்பனையின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயைச் சேர்த்திருந்தால் அதுவும் சேர்ந்து உறைந்துவிடும், டம்ளர் காட்டிக்கொடுக்காது.

உறுதியாக அறிய ஆய்வகம்தான் வழி. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, வாங்குகிறவரே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்க வைக்கலாம் என்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குறை இருப்பதாக அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். அதற்கு முன்னால் பாட்டிலின் பின்பக்கத்தை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். கடையின் பெயர் முன்னால் பெரிதாக இருக்கும்; தயாரித்தவர் யார், எந்த ஊர் என்பது பொடி எழுத்தில் இருக்கும். சென்ற ஆண்டு பாட்டிலும் இந்த ஆண்டு பாட்டிலும் கையில் இருந்தால் அந்த வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் அதே, ஆலை வேறு என்று பல வீடுகளில் தெரியவரும். மணம் எங்கே போனது என்பதற்கு விடை அங்கேயே கிடைக்கலாம். கலப்பு எண்ணெய் என்றால் அதையும் லேபிளில் சொல்லியிருக்க வேண்டும்.

என் வீடு களியக்காவிளை. நெய்யாற்றின்கரையில் உள்ள கடையில் பிரஷர் குக்கர் வாங்கினேன். ஐந்தாம் நாள் கைப்பிடி கழன்றுவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, பில்லிலேயே இருக்கிறது" என்கிறார்கள். வழக்குப் போட வேண்டுமென்றால் திருவனந்தபுரம் வா என்று சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்புக்கு 2020 ஜூலையிலேயே சட்டம் பதில் சொல்லிவிட்டது. பழைய 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், கடை இருக்கும் ஊரிலோ பிரச்சினை நடந்த ஊரிலோதான் மனுப் போட வேண்டும். எல்லையோரத்துக்காரர்கள் அடுத்த மாநிலத்துக்கு அலைய அஞ்சியே எத்தனையோ குறைகளை விழுங்கினோம். 2019-ல் இயற்றி 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 34-ஆம் பிரிவு அதை மாற்றியது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். நாகர்கோவிலில் உள்ள கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நெய்யாற்றின்கரைக் கடைக்காரர் வரட்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

"திரும்பப் பெறப்படாது" என்ற அச்சு குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லை என்றால், 30 நாட்களுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. நீங்கள் ஐந்தாம் நாளே போயிருக்கிறீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். கைப்பிடி கழன்ற குக்கரை அடுப்பில் வைக்காதீர்கள், ஒட்டுப்போடவும் வேண்டாம். இருக்கிற நிலையிலேயே வைத்திருங்கள்.

பில் போட்டு முடித்தபிறகு பைக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். சரியா?

சரியல்ல. பை தனிவிலை என்பதை முன்கூட்டித் தெரிவிக்காமல் கவுண்டரில் வைத்துப் பணம் வாங்குவது தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆனாலும் வீட்டிலிருந்து ஒரு துணிப்பை கொண்டுபோங்கள்.

ஒரு கிலோவாக வாங்கிய பாக்கெட் 900 கிராம் ஆகிவிட்டது, விலை அதேதான். இது மோசடி இல்லையா?

எடையை ஒழுங்காக அச்சடித்திருந்தால் சட்டப்படி மோசடி இல்லை. முன்பு டீத்தூள், பிஸ்கெட், எண்ணெய் போன்ற பல பொருட்களை இன்னின்ன அளவுகளில்தான் கட்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. எடையளவு விதிகளின் 2021 திருத்தத்தில் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். எடுத்தது தவறு என்பது என் எண்ணம். வீட்டுக்கணக்குப் போடுகிறவர்களுக்கு அது பெரிய துணையாக இருந்தது. அதே திருத்தம் ஒரு நல்லதும் செய்தது: ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு எவ்வளவு விலை என்று அச்சடிக்க வேண்டும். இனிமேல் பாக்கெட்டின் உயரத்தைப் பார்க்காமல் அந்த வரியைப் பாருங்கள்.

அச்சிட்ட எடையே குறைந்தால் அது வேறு. ஒரு கிலோ பாக்கெட்டில் 15 கிராம்வரை பிழையை விதி பொறுத்துக்கொள்ளும். அதற்குமேல் குறைந்தால் புகார் செய்யுங்கள். கேரளத்தில் எடையளவுக்கென்று தனித் துறை இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த வேலையைத் தொழிலாளர் துறைதான் பார்க்கிறது. இது தெரியாமல் வேறு அலுவலகங்களில் ஏறி இறங்குகிறவர்கள் பலர்.

அக்கா, நீங்கள் எல்லோரும் குறை சொல்லும் கடைகளில் ஒன்றில் பில் போடுகிறவள் நான். தேதி முடிந்த பாலுக்கும் வண்டு விழுந்த பருப்புக்கும் வசவு வாங்குவது நான்தான். முன்பு ஆறு கவுண்டர் இருந்தது, இப்போது இரண்டுதான் ஓடுகிறது. காலை ஒன்பதிலிருந்து நிற்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

தங்கச்சி, உன் கடிதத்தை நான் மூன்றுமுறை படித்தேன். சரக்கு வாங்குவதும் தேதி ஒட்டுவதும் உன் முடிவில் நடக்கிற காரியங்கள் அல்ல. இதைப் படிக்கிறவர்கள் உன்மேல் கத்துவதை விட்டு, மேலாளரை அழைத்துப் பேச வேண்டும். தேதி முடிந்த சரக்கு உன் கண்ணில் பட்டால் வாயால் சொல்லி விட்டுவிடாதே. மேலாளருக்குக் கைபேசியில் ஒரு வரி எழுதிப் படத்தோடு அனுப்பு. நாளைக்கு யாராவது உன்மேல் பழியைத் திருப்பினால் அந்த வரி உனக்காகப் பேசும்.

நிற்பதைப் பற்றி: கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார விட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லையின் எந்தப் பக்கத்தில் நீ நின்றாலும் அது உன் உரிமை. இருக்கை இல்லை என்று நீ ஒருத்தியாகச் சொன்னால் வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. அதனால் இதை வாசகர்களிடம் கேட்கிறேன். அடுத்தமுறை பில் போட நிற்கும்போது கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் தொழிலாளர் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழ்நாட்டுப் பக்கத்தில் எடை குறைந்த பாக்கெட்டுக்கும் அதே துறைதான், ஒரே உறையில் இரண்டையும் அனுப்பலாம்.