ஐந்து வயது தாண்டிய மகன் அப்பாவுக்கு என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

கேள்வி: எனக்கு 31 வயது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். ஆரணியில் கட்டிக்கொடுத்தார்கள். கணவருக்குப் பட்டுத்தறி வேலை. குடித்துவிட்டு வந்து அடிப்பதைத் தாங்க முடியாமல் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். மகனுக்கு 7 வயது, இங்கேதான் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். மகளுக்கு 4 வயது. அரையாண்டு விடுமுறைக்கு மகனை அழைத்துப்போன கணவர், பொங்கல் முடிந்தும் திருப்பி அனுப்பவில்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, "ஐந்து வயது தாண்டிய ஆண்பிள்ளை அப்பாவுக்கு, பெண்பிள்ளை அம்மாவுக்கு. சம்மதத்தோடு பிரிந்திருக்கிறோம், இனி ஒருவரிடம் ஒருவர் எதுவும் கேட்க மாட்டோம்" என்று முத்திரைத்தாளில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அது செல்லுமா? வக்கீல் வைக்க வசதியில்லை. பையன் தெருவில் விளையாடும் நேரம் பார்த்து வேனில் தூக்கிவந்துவிடலாம் என்கிறார் என் அண்ணன். பணம் தராதவரை மகளை அவர் கண்ணில் காட்டாதே என்றும் சொல்கிறார். பையனின் டி.சி. இங்கே பள்ளியில்தான் இருக்கிறது, அதனால் அங்கே எந்தப் பள்ளியிலும் சேர்க்க முடியாது என்ற தைரியத்தில் இருக்கிறேன். சரிதானே?
(பெயர் வேண்டாம், குடியாத்தம் வட்டம்)

பதில்: சகோதரி, முதலில் அந்த டி.சி. தைரியத்தை விடுங்கள். அதை நம்பித்தான் நாட்களைக் கடத்திக்கொண்டிருக்கிறீர்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காக அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ ஒரு குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. நல்ல நோக்கத்தில் வந்த விதிதான். ஆனால் உங்கள் விஷயத்தில் அது உங்கள் கணவருக்குச் சாதகம். இன்றைக்கு அவர் நினைத்தால் ஆரணியில் ஒரு பள்ளியில் பையனைச் சேர்த்துவிட முடியும். ஜூன் மாதம் பிறக்கும்போது, "பையன் இங்கே படிக்கிறான், நண்பர்கள் இருக்கிறார்கள், பாட்டியோடு ஒட்டிக்கொண்டான், ஏன் கலைக்கிறீர்கள்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை நீதிமன்றமும் காது கொடுத்துக் கேட்கும். குழந்தை எங்கே நிலைபெற்றிருக்கிறது என்பது இந்த வழக்குகளில் பெரிய எடை உள்ள விஷயம். ஆகவே செய்வதை இந்த மாதமே செய்யுங்கள்.

பெரியவர்கள் எழுதிய தாளுக்கு வருவோம். ஐந்து வயதுக் கணக்கு நம் பக்கத்துப் பஞ்சாயத்துகளில் ஏதோ வேதவாக்கு போலப் புழங்குகிறது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்வது இவ்வளவுதான்: ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பொறுப்பில் இருக்க வேண்டும். ஐந்து முடிந்த மறுநாள் ஆண்பிள்ளையைத் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. மாறாக, அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது. ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ள இவை ஆடு மாடுகளா? கூடப்பிறந்தவர்களைத் தனித்தனியாகப் பிரிப்பதற்கு நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்கவே செய்யும்.

தாய் தகப்பன் இருவரும் சம்மதித்தே எழுதியிருந்தாலும், குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற விஷயத்தில் அந்தத் தாள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. பிள்ளைகளுக்கான ஜீவனாம்சத்தை நீங்கள் விட்டுக்கொடுக்கவும் முடியாது. அது அவர்களுடைய உரிமை, உங்களுடையது அல்ல. ஆனால் அந்தத் தாளில் ஒரு முள் இருக்கிறது. "சம்மதத்தோடு பிரிந்திருக்கிறோம்" என்ற வரியைத்தான் சொல்கிறேன். இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று ஒரு விதி உண்டு. உங்கள் கணவரின் வக்கீல் கட்டாயம் அதைப் பிடித்துக்கொள்வார். அதனால் அப்படி ஒரு தாள் இருப்பதை உங்கள் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், எந்த நெருக்கடியில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதையும் மறப்பதற்கு முன் எழுதி வையுங்கள். தாளின் நகல் இல்லையென்றால் செல்போனில் படமாவது எடுத்து வாங்குங்கள்.

எந்த ஊர் நீதிமன்றம்? பழைய வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே பெரிதாக எழுந்திருக்காது. 1989இல் ஆரணி திருவண்ணாமலையோடு போயிற்று. 2019இல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. நீங்கள் குடியிருப்பது வேலூர் மாவட்டம், வேலை செய்வது இன்னொன்று, புகுந்த வீடு மூன்றாவது. 1890ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் எந்த நீதிமன்ற எல்லையில் வருகிறதோ, மனு அங்கேதான். இரண்டு ஆண்டுகளாக உங்கள் மகனின் ஊர் குடியாத்தம் பக்கம். விடுமுறைக்கு அழைத்துப்போய் வைத்துக்கொண்டதால் உடனே அது மாறிவிடாது. ஆகவே வேலூர் குடும்ப நல நீதிமன்றம் போதும். ஒருவேளை அவர் முந்திக்கொண்டு தன் ஊர்ப் பக்கம் வழக்குப் போட்டால், வேலூருக்கு மாற்றித் தரும்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். கைக்குழந்தையோ சின்னக் குழந்தையோ வைத்திருக்கும் மனைவியின் சிரமத்தை உயர் நீதிமன்றம் பொதுவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

வசதியில்லை என்று எழுதியிருந்தீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, 12ஆவது பிரிவு: பெண் என்றாலே போதும், இலவச சட்ட உதவி பெறலாம். வருமான வரம்பு கிடையாது. கம்பெனிச் சம்பளம் வாங்குகிறீர்கள் என்று சொல்லி யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. வேலூர் சத்துவாச்சாரியில் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக லீவு கிடைக்காவிட்டால் குடியாத்தம் நீதிமன்றத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் விண்ணப்பம் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், தட்டச்சு, நகல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அங்கே ஒதுக்கித் தரும் வக்கீல் உங்களிடம் காசு கேட்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் புகார் செய்யுங்கள். செயலாளராக இருப்பவர் ஒரு நீதிபதி. வக்கீலை மாற்றித் தரும்படி கேட்கவும் வழியுண்டு. இலவசம்தானே, ஏனோதானோவென்று நடத்துவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. அக்கறையில்லாத வக்கீல் காசு கொடுத்தாலும் வருவார். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தால் எந்த வக்கீலும் கொஞ்சம் வேகமாகத்தான் நடப்பார்.

என்ன மனு போடுவது என்பதில் என் கருத்து இது. கையில் கிடைத்த எல்லாச் சட்டத்தையும் எடுத்து வீசச் சொல்பவர்கள் வருவார்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனி வாய்தா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் உங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். இரண்டு மனு போதும். ஒன்று, வேலூர் குடும்ப நல நீதிமன்றத்தில் மகனை உங்கள் பொறுப்பில் தரக் கேட்கும் மனு. அதோடு சேர்த்தே இடைக்கால மனுவும் கொடுக்கச் சொல்லுங்கள். இதில் பிடிவாதமாக இருங்கள். முழு வழக்கு முடிய எத்தனை நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை பையன் உங்களிடம் இருக்க வேண்டும், குறைந்தபட்சம் வாரக் கடைசியிலாவது உங்களோடு இருக்க வேண்டும் என்று கேட்பது அந்த இடைக்கால மனுவில்தான். இரண்டாவது, அதே நீதிமன்றத்தில் ஜீவனாம்ச மனு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 என்று சொல்வார்களே, 2024 ஜூலை முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. எண்தான் மாறியிருக்கிறது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள், கூடுமானவரை, இடைக்கால ஜீவனாம்சத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் சம்பளத்தையும் மறைக்காதீர்கள். இந்த இரண்டுக்கும் விவாகரத்து வழக்கு தேவையே இல்லை. பலர் அது தெரியாமல் வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

அடித்ததற்குக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் போனால் அவரே அறிக்கை தயாரித்து நீதித்துறை நடுவரிடம் அனுப்புவார். குழந்தையைத் தற்காலிகமாக உங்களிடம் ஒப்படைக்க அந்த நடுவரும் உத்தரவிடலாம். உங்கள் கணவர் மீண்டும் வாசலில் வந்து கலாட்டா செய்தாலோ மிரட்டினாலோ உடனே இதை எடுங்கள். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

மகளிர் காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். பிள்ளை யாருக்கு என்று காவல் நிலையம் தீர்ப்புச் சொல்ல முடியாது, பெற்ற தகப்பன் வைத்திருப்பதைக் கடத்தல் என்று சாதாரணமாகப் பதிவும் செய்ய மாட்டார்கள். ஆனால் எந்தத் தேதியிலிருந்து நீங்கள் மகனைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதற்கு அந்த ரசீது சாட்சி. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடச் சொல்பவர்களும் உண்டு. பையன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாத நிலையில் அது சரி. உங்கள் மகன் ஆரணியில் இருப்பது தெரியும்போது, குடும்ப நல நீதிமன்றத்துக்கே போகச் சொல்லி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

இனி உங்கள் அண்ணன். தங்கை மேல் உள்ள பாசம் புரிகிறது. ஆனால் வேன் யோசனையை அடியோடு விடச் சொல்லுங்கள். நாலு ஆண்கள் வந்து தெருவில் அள்ளிக்கொண்டு போனால் அந்தப் பையன் எத்தனை இரவு தூங்காமல் கிடப்பான் என்று யோசித்தாரா? அடிதடி ஆனால் வழக்கு உங்கள் அண்ணன் மேல் பாயும், நீதிமன்றத்தில் உங்கள் பெயரும் கெடும். மகளைக் காட்டாதே என்பதும் தவறு. பணம் வராததற்கு ஜீவனாம்ச மனு இருக்கிறது. அதற்கு மகளைப் பிணையாக வைத்தால், நாளைக்கு அவரும் பணம் கொடுத்தேன் பையனை விடமாட்டேன் என்பார். யார் மற்றவரைப் பிள்ளையிடம் நெருங்க விடவில்லை என்பதை நீதிபதிகள் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். குடித்திருக்கும்போது விடாதீர்கள், உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருக்கும் நேரத்தில் வந்து பார்க்கட்டும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். "தினமும் மாலை ஏழு மணிக்குப் பையனோடு வீடியோவில் பேச வேண்டும்" என்று கணவருக்கு வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். ஒப்புக்கொண்டால் பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம். மறுத்தால் அந்த மறுப்பு எழுத்தில் இருக்கும். எதையும் அழிக்காதீர்கள், அந்த செல்போனை மாற்றவும் வேண்டாம். பேசும்போது அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். நீதிபதி பையனைத் தனியறையில் அழைத்து விசாரிக்கலாம். ஏழு வயதுப் பையன் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஆவணங்களில் பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, திருமணப் பத்திரிகை எல்லாம் எல்லோரும் கொண்டுவருவதுதான். நான் பெரிதாக நினைப்பது வேறு. பையனின் பள்ளி டைரியை எடுங்கள். வீட்டுப்பாடத்துக்குக் கீழே பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் இரண்டு வருடமாக யார் பெயர் இருக்கிறது? தடுப்பூசி அட்டை யாரிடம் இருக்கிறது? காய்ச்சல் வந்தபோது வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரிச் சீட்டில் உடன் வந்தவர் யார்? கட்டண ரசீதும், ஆசிரியர் கூட்டத்தில் போட்ட கையெழுத்தும்கூடப் பேசும். தலைமையாசிரியரிடம் வருகைப் பதிவுச் சான்று கேட்டு வாங்குங்கள். டி.சி. கேட்டு யாராவது வந்தால் எனக்குத் தெரிவியுங்கள் என்று எழுத்திலும் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

நீதிமன்றம் போனதும் முதலில் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். அங்கே பேச மாட்டேன் என்று முறுக்கிக்கொள்ள வேண்டாம். நம் பஞ்சாயத்துப் போல அது ஆளுக்கொரு பிள்ளை என்று பங்கு வைக்கும் இடமல்ல, அங்கே போடும் ஒப்பந்தம் நீதிபதி பார்த்த பிறகுதான் உத்தரவாகும். போகும்போது, எந்த விடுமுறை யாரிடம், பொங்கல் எங்கே, வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு யாரோடு, அழைத்து வருவது யார், எந்த பஸ் நிலையத்தில் ஒப்படைப்பது, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் ஒரு தாளில் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். "அடிக்கடி பார்க்கலாம்" என்று மொட்டையாக எழுதும் ஒப்பந்தம் மூன்றாம் மாதமே சண்டையில் முடியும்.

பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கமிருந்தும் இதே மாதிரிக் கடிதங்கள் வருவதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். 1956ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களுக்கும் பௌத்த, சமண, சீக்கிய மதத்தினருக்கும் மட்டும். 1890ஆம் ஆண்டுச் சட்டமும் பிள்ளைகளுக்கான 144ஆவது பிரிவு ஜீவனாம்சமும் இலவச சட்ட உதவியும் எல்லா மதத்தினருக்கும் பொது.

உங்களுக்கு எந்தக் கிழமை வார விடுப்பு என்று எழுதவில்லை. ஞாயிறு என்றால் அலுவலகம் திறந்திருக்காது. ஒரு வேலை நாளில் காலை ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுப் போங்கள். டைரியை மறக்காதீர்கள்.