கணினி கேள்வி பதில்: மூன்று மேற்கோள் போட்டால் கமென்ட் ஆகிவிடுமா?

பிளஸ் டூ மாணவி, திருவையாறு: கல்லணையில் பிரியும் ஆறுகளைப் பைத்தானில் லிஸ்ட்டாகப் போட்டேன். வெண்ணாற்றை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க, அதற்கு மேலும் கீழும் """ போட்டேன். எண்ணிக்கை 3 என்று சரியாக வருகிறது. பிரின்ட் செய்தால் வெண்ணாறு போகாமல் கல்லணைக் கால்வாயோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஏன்?

நீங்கள் போட்டது கமென்ட் (பைத்தான் படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பு) இல்லை, ஸ்ட்ரிங் (மேற்கோளுக்குள் நிற்கும் எழுத்துத் தொடர்). பைத்தானில் பல வரி கமென்ட் என்று தனியாக ஒன்று கிடையாது. """ தனியே ஒரு வரியில் நின்றால் அந்த ஸ்ட்ரிங்கை யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை, அதனால்தான் கமென்ட் போலத் தெரிகிறது. லிஸ்ட்டுக்குள் அது சும்மா இருக்காது. பாருங்கள்:

ஆறுகள் = [
    "காவிரி",
    """
    "வெண்ணாறு",
    """
    "கல்லணைக் கால்வாய்",
    "கொள்ளிடம்",
]

வெண்ணாற்றுக்குப் பின்னால் இருக்கும் கமா மேற்கோளுக்குள் மாட்டிக்கொண்டது. கீழே உள்ள """-க்கும் கல்லணைக் கால்வாய்க்கும் நடுவில் கமாவே இல்லை. நடுவில் கமா இல்லாமல் இரண்டு ஸ்ட்ரிங் அடுத்தடுத்து வந்தால் பைத்தான் இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கிவிடும். நான்கில் ஒன்று குறைந்து 3 ஆனது இப்படித்தான். எரரும் வராது, எண்ணிக்கையும் பொருந்தும். இதைவிட ஆபத்தான பிழை இல்லை.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் # போடுங்கள்:

    # "வெண்ணாறு",

இருபது வரியென்றாலும் கையால் அடிக்க வேண்டாம். பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டரில் வரிகளைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் + 3 அழுத்தினால் எல்லாவற்றின் முன்னும் ## வந்துவிடும். ஆல்ட் + 4 எடுத்துவிடும். விஷுவல் ஸ்டூடியோ கோடில் கன்ட்ரோலோடு / அழுத்தினால் போடவும் எடுக்கவும் அந்த ஒன்றே போதும்.

""" இன்னும் இரண்டு இடத்தில் காலை வாரும். அது தொடங்கும் இடம் சுற்றியுள்ள வரிகளின் இன்டென்டேஷனோடு (வரித் தொடக்க இடைவெளியோடு) ஒத்துப்போகாவிட்டால் எரர். # எந்த இடத்தில் தொடங்கினாலும் பைத்தான் கேட்காது. """-க்குள்ளே விண்டோஸின் யூசர்ஸ் ஃபோல்டர் பாதையை எழுதினால், பேக்ஸ்லாஷுக்கு அடுத்து நிற்கும் யூ எழுத்தை யூனிகோட் குறியீட்டின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு புரோகிராம் ஓடவே மறுக்கும். """-க்கு உரிய இடம் ஃபங்ஷனின் முதல் வரி. அங்கே எழுதும் விளக்கம் ஹெல்ப் கேட்டால் அப்படியே திரையில் வரும்.

பாலிடெக்னிக் மாணவர், மன்னார்குடி: சி மொழியில் எழுதிய குறுவைக் கணக்கில் 40 வரியை /* */ போட்டு மறைத்தேன். பாதி வரிகள் மறையவில்லை, கடைசி வரியில் எரர் என்கிறது. அந்த வரியில் தப்பே இல்லையே?

அந்த 40 வரிக்குள் ஏற்கெனவே ஒரு /* */ இருக்கும், தேடிப் பாருங்கள். சி-யில் கமென்ட்டுக்குள் கமென்ட் நிற்காது. முதலில் கண்ணில் பட்ட */ எதுவோ அதிலேயே எல்லாம் முடிந்துவிடும். அதற்குக் கீழே உள்ளவை உயிரோடு இருக்கும்; கடைசியில் நீங்கள் போட்ட */ அநாதையாக நிற்பதால் எரர் அங்கே காட்டுகிறது.

கோடை மறைக்க மேலே ஹேஷ் இஃப் 0 (#if 0), கீழே ஹேஷ் எண்டிஃப் (#endif) போடுங்கள். இது ஒன்றுக்குள் ஒன்று எத்தனை வந்தாலும் தாங்கும். கோடுக்கு மட்டும் வையுங்கள். உள்ளே வெறும் உரை எழுதி, ஒற்றை மேற்கோள் ஒன்று ஜோடியில்லாமல் நின்றால் கம்பைலர் எச்சரிக்கும்.

பாயின்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) காட்டும் மதிப்பால் வகுக்கும்போது மொத்தம்/*பங்கு என்று ஒட்டி எழுதினால் அங்கிருந்து கமென்ட் தொடங்கிவிடும். மொத்தம் / *பங்கு என்று இடைவெளி விடுங்கள். // கமென்ட்டின் கடைசி எழுத்து பேக்ஸ்லாஷாக இருந்தால் அடுத்த வரியும் கமென்ட்டாகிவிடும். ஃபோல்டர் பாதையைக் குறித்துவைப்பவர்கள் பல மணி நேரம் தேடும் பிழை இதுதான்.

நாகப்பட்டினம் வாசகர்: கமென்ட்டைத் தமிழில் எழுதலாமா?

தாராளமாக எழுதுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்து ஃபைலை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். பைத்தான் 3 அதைத்தான் எதிர்பார்க்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் எடிட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். வலைப்பக்கத்தில் <!-- --> போட்டு எழுதும் கமென்ட் எந்த மொழியில் இருந்தாலும் பக்கத்தின் மூலத்தைத் திறப்பவர் எல்லோரும் படிக்கலாம். பாஸ்வேர்டை அங்கே வைக்காதீர்கள்.