காந்தத்தில் ஒட்டிய துகள்

கேள்வி: ஹெலிகாப்டர் விழுந்தால் 'இயந்திரக் கோளாறு' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆகாயத்தில் இன்ஜின் நின்றால் கல் மாதிரி விழ வேண்டியதுதானே? யாரைக் குறை சொல்ல, எல்லாம் விதி!
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: விதியின் தலையில் கட்டாதீர்கள் அண்ணாச்சி. இன்ஜின் நின்றாலும் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழாது. விமானி உடனே விசிறி இலைகளின் சாய்வைக் குறைத்துவிட்டால், இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுழல வைக்கும். போதிய உயரமும் கீழே ஒரு வெட்டவெளியும் இருந்தால் பத்திரமாக இறக்கலாம். விமானிகளுக்கு இதற்கென்றே பயிற்சி உண்டு.

போக்கிடம் இல்லாத இடங்கள் வேறு. ஒன்று, இன்ஜினுக்கும் விசிறிக்கும் நடுவே இருக்கும் கியர்பாக்ஸ். இன்னொன்று, இலைகளின் சாய்வை மாற்றும் ஸ்வாஷ்பிளேட். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து 3 பேர் இறந்தார்களே, அதில் உடைந்தது ஸ்வாஷ்பிளேட்தான் என்று விசாரணையில் தெரிந்தது. அது போனால் விமானி என்ன செய்வார், பாவம்?

வண்ணாரப்பேட்டையில் லாரி ஒர்க்‌ஷாப் எதிலாவது நின்று பாருங்கள். வடித்த ஆயிலை மெக்கானிக் இரண்டு விரலில் தேய்த்துப் பார்ப்பார். நறநறவென்றால் உள்ளே பல் தேய்கிறது. ஹெலிகாப்டர் கியர்பாக்ஸில் அந்த வேலையைச் செய்வது எண்ணெய்க்குள் இருக்கும் காந்தம்; தேய்ந்து விழும் உலோகத் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். 2009 ஏப்ரல் 1 அன்று, ஸ்காட்லாந்து அருகே வட கடலில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களோடு கரை திரும்பிய சூப்பர் பூமா ஹெலிகாப்டர் விழுந்து 16 பேரும் மாண்டார்கள். மார்ச் 25ஆம் தேதியே அந்தக் காந்தத்தில் ஓர் உலோகத் துகள் ஒட்டியிருந்தது. பராமரித்தவர்களும் தயாரித்தவர்களும் பேசிக்கொண்டதில் குழப்பம். கியர் சிதைகிறது என்று ஒருவரும் உணரவில்லை. அதற்கப்புறம் 36 மணி நேரம் பறக்கவிட்டார்கள். இதில் விதி எங்கே வந்தது?

2016இல் நார்வேயில் அதே குடும்பத்து ஹெலிகாப்டர். அதே மாதிரி கியர் பிளந்து, விசிறியே கழன்று பறந்தது. 13 பேர் இறந்தார்கள். இந்த முறை காந்தம் எச்சரிக்கவே இல்லை. முதல் விபத்துக்குப் பின் எடுத்த நடவடிக்கைகள் போதவில்லை என்று அந்த நாட்டு விசாரணைக் குழுவே எழுதியது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? அங்கே அறிக்கையை முழுதாக வெளியிடுகிறார்கள். நம் படைகளின் விபத்து அறிக்கைகள் அப்படி வெளியே வருவதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில், ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிய ரயிலுக்கு வானிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டவர்கள் அந்தப் படைக்காரர்கள்தான். எந்தப் பாகம் உடைந்தது, கடைசியாக எப்போது திறந்து பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்று அவர்களுக்காக நாம் கேட்க வேண்டாமா? உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள் அண்ணாச்சி.