என்கிளெக்ஸ் தேர்வுக்குச் சேர்ந்து படிக்கிறீர்களா? குழுவில் பிடிஎஃப் குறையட்டும், பேச்சு கூடட்டும்

கேள்வி: திருநெல்வேலியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு இப்போது மஸ்கட்டில் ஐசியு நர்ஸாக இருக்கிறேன். ஒரே பேட்சில் படித்த நாங்கள் நான்கு பேர், அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸுக்காக எழுதும் என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வுக்குச் சேர்ந்து படிக்கலாம் என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். ஒருத்தி சென்னையில் இருக்கிறாள், ஒருத்தி தோஹாவில். ஊரில் இருக்கும் இன்னொருத்திக்குக் கைக்குழந்தை. முதல் மாதம் நன்றாகத்தான் போனது. இப்போது குழுவைத் திறந்தால் பிடிஎஃப்பும், ‘போன வாரம் வந்த கேள்விகள்’ என்று யாரோ அனுப்பிய பட்டியலும்தான். நிறைய படித்த மாதிரி இருக்கிறது, பயிற்சித் தேர்வில் மதிப்பெண் மட்டும் ஏறவில்லை. சென்னைத் தோழி ஏற்கெனவே ஒருமுறை எழுதித் தோற்றவள். அவள் குழுவில் வாயே திறப்பதில்லை. பேசாமல் தனியாகவே படித்துவிடலாமா மேடம்?

பதில்: குழுவை விட்டுப் போக வேண்டாம். ஆனால் அந்த ‘வந்த கேள்விகள்’ பட்டியலை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

என்கிளெக்ஸ் எழுதும் ஒவ்வொருவரும், தேர்வில் கண்ட கேள்வியை எப்போதும் யாரிடமும் வெளியிட மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் எழுத முடியும். தேர்வு முடிந்த பிறகும் அது பொருந்தும். மீறினால் முடிவையே ரத்து செய்யலாம். லைசென்ஸ் வாங்கப் போகிற நேரத்தில் அந்த வம்பு நமக்கு எதற்கு? சரி, விதியை விடுங்கள், அந்தப் பட்டியலால் பயனாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. இது எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் கொடுக்கிற தேர்வு கிடையாது. நீங்கள் ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலைப் பார்த்துத்தான் கணினி அடுத்த கேள்வியின் கடினத்தைத் தீர்மானிக்கிறது. உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு வருவது வேறு தேர்வு. போதாததற்கு, இந்தப் பட்டியல்களில் விடை என்று போட்டிருப்பதில் பாதி யாரோ ஊகித்துப் போட்டது.

தேர்வின் அமைப்பு தெரிந்தால், குழுவில் எதைச் செய்வது, எதை விடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும். குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள். நேரம் 5 மணி. அதில் 15 கேள்விகள் வெறும் பரிசோதனைக்கானவை, மதிப்பெண்ணில் சேராது. எவை என்று உங்களுக்குத் தெரியாது. 2023 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய வடிவத்தில் கட்டாயம் மூன்று கேஸ் ஸ்டடிகள் மதிப்பெண்ணுக்கு வரும். ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகள். அந்த ஆறும் ஒரு நர்ஸ் யோசிக்க வேண்டிய ஆறு படிகள்: இந்த நோயாளியிடம் கவனிக்க வேண்டிய குறிகள் எவை, அவை எதைக் காட்டுகின்றன, அவற்றில் எது முதல் ஆபத்து, என்னென்ன செய்யலாம், எதை முதலில் செய்வேன், செய்தது பலித்ததா என்று எதை வைத்துச் சொல்வேன்.

ஆக, சோதிக்கப்படுவது உங்கள் முடிவெடுக்கும் திறன். மருந்துப் பட்டியலை மனப்பாடம் செய்ய நாலு பேர் தேவையில்லை; அது ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்யும் வேலை. கேள்வி வங்கியில் தினமும் கேள்வி போட்டுப் பழகுவதும் அப்படித்தான். தோழிகள் தேவைப்படுவது வேறொன்றுக்கு: ‘ஏன் இந்த விடையை எடுத்தாய்?’ என்று கேட்பதற்கு.

ஓர் உதாரணம் பார்ப்போம். இது நான் எழுதிய கேள்வி. உங்களிடம் நான்கு நோயாளிகள். ஒருவர் அறுவை முடிந்து இரண்டாம் நாள், வலிக்கு மருந்து கேட்கிறார். இன்னொருவருக்குச் சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய், ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90 சதவீதம். மூன்றாமவருக்குக் காலில் டிவிடி, அதாவது ஆழ்சிரையில் ரத்தக்கட்டி; திடீரென்று மூச்சு வாங்குகிறது, நிலைகொள்ளாமல் இருக்கிறார். நான்காமவருக்குச் சர்க்கரை 180, சாப்பாட்டுக்கு முன் இன்சுலினுக்காகக் காத்திருக்கிறார். யாரை முதலில் பார்ப்பீர்கள்?

விடை மூன்றாமவர். ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். உங்கள் குழுவில் இருவராவது சரியாகச் சொல்வார்கள். அதோடு விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினால் குழுவாகப் படித்ததற்கு அர்த்தமே இல்லை. சிஓபிடி நோயாளியை எடுத்தவரைப் பேசவிடுங்கள். ‘90 என்று பார்த்ததும் பயந்துவிட்டேன்’ என்பார். அங்கேதான் பாடம் இருக்கிறது. பல சிஓபிடி நோயாளிகளுக்கு 88 முதல் 92 வரை என்பதே இலக்கு. அவருக்கு அது வழக்கமான நிலை, டிவிடி நோயாளிக்கு வந்திருப்பது திடீர் மாற்றம். எண்ணைப் பார்க்காமல் மாற்றத்தைப் பார் என்பது அந்தத் தோழிக்கு அதற்கப்புறம் மறக்காது. சரியாகச் சொன்னவரையும் சும்மா விடக் கூடாது. ‘அறைக்குள் போனதும் முதல் இரண்டு நிமிடம் என்ன செய்வாய்?’ என்று கேளுங்கள். ‘டாக்டருக்கு போன் போடுவேன்’ என்று ஆரம்பித்தால் நிறுத்துங்கள். நோயாளியை விட்டு நகராமல் தலைப்பக்கத்தை உயர்த்தி, ஆக்சிஜன் கொடுத்து, அவசரக் குழுவைக் கூப்பிட வேண்டும்.

இந்த ‘டாக்டருக்குச் சொல்வேன்’ என்பது நம்மூர் வார்டுகளில் பழகிய கை. எல்லாக் கேள்வியிலும் அது தவறு என்று சொல்ல மாட்டேன். நர்ஸ் செய்ய வேண்டியதெல்லாம் செய்தான பிறகு அதுவே சரியான விடையாக இருக்கும். ஆனால் அனுபவமுள்ள நர்ஸ்கள், அதிலும் ஐசியுவில் இருப்பவர்கள், தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். இதற்கு அண்ணன் ஒன்று இருக்கிறது: டெலிகேஷன், அதாவது எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பது. நம்மூரில் ஸ்டாஃப் நர்ஸே எல்லாவற்றையும் செய்வார், மிச்சத்தை நோயாளியின் வீட்டார் செய்வார்கள். அமெரிக்காவில் ஆர்என் என்ற பதிவுபெற்ற நர்ஸ், அவருக்குக் கீழே எல்பிஎன் என்ற அடுத்த நிலை நர்ஸ், அதற்கும் கீழே உதவியாளர் என்று வேலை பிரிந்திருக்கிறது. நிலையாக உள்ள நோயாளியைக் குளிப்பாட்டுவது, பிபி பார்ப்பது, சிறுநீர் அளவைக் குறிப்பது ஆகியவற்றை உதவியாளரிடம் கொடுக்கலாம். நோயாளியை மதிப்பிடுவது, வீட்டுக்குப் போகும்முன் சொல்லிக்கொடுப்பது, சிகிச்சை பலித்ததா என்று பார்ப்பது மூன்றையும் ஆர்என் கைமாற்ற முடியாது. ‘பிபி 86/50’ என்று உதவியாளர் வந்து சொன்னால் அடுத்து நீங்களே போய் நோயாளியைப் பார்க்க வேண்டும். அவரையே திரும்ப எடுக்கச் சொல்லக் கூடாது. இந்தப் பகுதி தேர்வில் சிறியதும் அல்ல. ‘மேனேஜ்மென்ட் ஆஃப் கேர்’ என்ற தலைப்புக்கு மட்டும் 2023 தேர்வுத் திட்டத்தில் 15 முதல் 21 சதவீதம். எட்டுத் தலைப்புகளில் இதுதான் பெரியது. நீங்கள் நான்கு பேரும் முதல் மூன்று வாரம் இதையே பேசினாலும் தப்பில்லை.

மருந்துப் பெயரையும் பேசும்போதே திருத்திக்கொள்ளுங்கள். வார்டில் ‘லேசிக்ஸ் போட்டாச்சா’ என்று கேட்டுப் பழகியிருப்பீர்கள். தேர்வில் ஃப்யூரோசமைடு என்றுதான் வரும். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பூட்டமால் அல்பூட்டெரால், அட்ரினலின் எபிநெஃப்ரின்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். மூன்று நாடுகளில் இருக்கும் நான்கு பேர் தினமும் ஒன்றாக உட்கார முடியாது. அப்படித் திட்டம் போட்டால் இரண்டாம் வாரமே உடையும். வாரத்துக்கு ஒரே ஒரு நேரடி அழைப்பு, ஒரு மணி நேரம் போதும். இந்தியாவில் இரவு 10.30 என்றால் மஸ்கட்டில் 9, தோஹாவில் 8. பகல் டூட்டி முடித்து ஹேண்ட்ஓவர் கொடுத்துவிட்டு வரலாம். ரோஸ்டர் கைக்கு வந்ததும் நாளைக் குறித்துவிடுங்கள். நைட் டூட்டி வாரத்தில் இருப்பவருக்கு அந்த வாரம் விடுமுறை, மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

அழைப்பில் ஒருவர் ஒரு கேஸ் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் புத்தகத்தை மூடிவைத்து அந்த ஆறு படிகளுக்கும் வாயால் பதில் சொல்ல வேண்டும். மூடிவைப்பதில் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். ‘படித்த மாதிரி இருக்கிறது, மதிப்பெண் ஏறவில்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கும்.

கேஸை உங்கள் வார்டு அனுபவத்திலிருந்து எடுக்கலாம், ஆனால் வயதையும் விவரத்தையும் மாற்றிவிடுங்கள். சார்ட்டின் போட்டோ, மானிட்டரின் படம், பெயர் எதுவும் குழுவுக்கு வரவே கூடாது. வேலையே போய்விடும்.

வாரத்தின் மற்ற நாட்களுக்கு வாய்ஸ் நோட் போதும். தான் தவறவிட்ட ஒரு கேள்வியின் கருத்தை ஒவ்வொருவரும் இரண்டு நிமிடத்துக்குள் சொந்த வார்த்தையில் சொல்லி அனுப்பட்டும்: என்ன யோசித்தேன், எங்கே வழி தவறியது. குழந்தையைத் தூங்கவைத்தபடியே அந்தத் தோழி கேட்டுக்கொள்வார், முடிந்தபோது பதில் சொல்வார். எந்த மொழியில் பேசுவது என்ற குழப்பமே வேண்டாம். கேள்வியை ஆங்கிலத்தில் உள்ளது உள்ளபடி வாசியுங்கள், காரணத்தைத் தமிழில் விளக்குங்கள். தனக்குப் புரியாததைத் தமிழில் சொல்லிச் சமாளிப்பது கஷ்டம். ஆங்கிலத்தில் என்றால் புத்தகத்தில் உள்ள ரேஷனேலை, அதாவது விடைக்கான விளக்கத்தை, அப்படியே ஒப்பித்துத் தப்பிவிடலாம்.

‘சாட்டா’ கேள்விகளைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடு என்ற வகை. முன்பு ஒன்று தவறினாலும் பூஜ்யம்தான். இப்போது பகுதி மதிப்பெண் உண்டு: சரியானதற்கு ஒன்று கூடும், தவறானதற்கு ஒன்று குறையும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. எனவே எல்லாவற்றையும் டிக் அடித்துவைக்கும் தந்திரம் உதவாது. குழுவில் பழகும்போது ஒவ்வொரு தெரிவையும் தனித்தனி ‘சரியா, தவறா’ கேள்வியாக எடுத்து, ஒருவர் ஒன்றுக்குக் காரணம் சொல்லிக்கொண்டே போங்கள்.

பயிற்சி மதிப்பெண்ணைக் குழுவில் போட்டு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். நீங்கள் ஒரு கேள்வி வங்கியில் வாங்கிய 58ம் தோழி வேறொன்றில் வாங்கிய 70ம் ஒன்றோடொன்று பேசாது. உண்மைத் தேர்வில் உங்கள் அளவுக்கு ஏற்ற கேள்விகளே வந்துகொண்டிருப்பதால், நன்றாக எழுதுகிறவருக்கும் பாதி தவறாகப் போகிற மாதிரியே இருக்கும். ‘85ஆம் கேள்வியோடு கணினி நிறுத்திவிட்டால் பாஸ்’ என்று குழுவில் யாராவது சொல்வார்கள். உங்கள் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே என்று 95 சதவீதம் உறுதியானாலும் நிற்கும், கீழே என்று உறுதியானாலும் நிற்கும். தேர்வு முடிந்ததும் மறுபடி பணம் கட்டிப் பார்த்து முடிவை ஊகிக்கும் தந்திரம் ஒன்றும் சுற்றுகிறது. அதை நம்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்னைத் தோழிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது அவர்தான். தோற்றவருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு தாள் அவரிடம் இருக்கிறது: ஒவ்வொரு தலைப்பிலும் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே, அருகே, கீழே என்று காட்டும் அறிக்கை. அதைக் குழுவில் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். யாராவது ஒருவர், நீங்களே என்று வைத்துக்கொள்ளுங்கள், தனியாகக் கூப்பிட்டு, ‘கீழே’ என்று வந்த தலைப்புகளில் ஒன்றை மட்டும் எடுத்து எங்களுக்கு நீ சொல்லிக்கொடு என்று கேளுங்கள். தெரிந்தவர் சொல்லிக்கொடுக்க, தெரியாதவர் கேட்பது என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவர் மறுபடி அதே இடத்தில்தான் நிற்பார். இரண்டு நாள் தயாரித்து, பதினைந்து நிமிடம் பேசி, மூன்று பேரின் கேள்விக்கும் பதில் சொல்பவருக்கு அந்தத் தலைப்பு கைவசமாகும். திரும்ப எழுத 45 நாள் இடைவெளி வேண்டும் என்பது பொது விதி. அமெரிக்காவின் சில மாநில நர்சிங் போர்டுகள் இன்னும் கடுமையாக வைத்திருக்கின்றன. அவர் விண்ணப்பித்த மாநிலத்தின் விதியை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

நான்கு பேரும் ஒரே வாரத்தில் எழுத வேண்டும் என்று கட்டிக்கொள்ள வேண்டாம். தேர்வெழுத அனுமதிக்கும் ஏடிடி கடிதத்துக்குக் காலாவதித் தேதி உண்டு, அது ஒவ்வொருவருக்கும் வேறு. முதலில் எழுதப் போகிறவர் கடைசி இரண்டு நாள் குழுவை மியூட்டில் போட்டுவிடட்டும். எழுதிவிட்டு வந்தபின் மற்றவர்களிடம் அவர் தாராளமாகச் சொல்லலாம்: உள்ளங்கை ஸ்கேன் எப்படி எடுத்தார்கள், பையை எங்கே வைத்தார்கள், முதல் இடைவேளை இரண்டு மணி நேரத்திலும் அடுத்தது மூன்றரை மணி நேரத்திலும் வந்தபோது எழுந்து போனாரா இல்லையா, அந்த இடைவேளை நேரமும் 5 மணிக்குள்தான் கழிகிறது என்பது உறைத்ததா. கேள்வி என்ன வந்தது என்று மட்டும் நீங்கள் கேட்கக் கூடாது, அவரும் சொல்லக் கூடாது.